நன்றாக வாசித்தவள்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், அதனால் வீட்டிலும் பெரும்பாலும் அவருக்கு அதுதான் பெயர்.

உண்மையில் அவர் கற்றுக்கொடுப்பது கார் ஓட்டுவதை அல்ல, பாஸ் ஆவதை. சோதனை எடுக்கும் அதிகாரி எந்தத் தெருவில் திரும்பச் சொல்வார், எந்த மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்வார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. "கண்ணாடியில என்ன தெரியுதுன்னெல்லாம் பாக்காதீங்க. தலையை மட்டும் நல்லாத் திருப்புங்க. அவர் உங்க கண்ணையா பாக்கப்போறார்? தலையைத்தான் பாப்பார்" என்பார். வளைவில் ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில், பக்கத்துச் சுவரில் பூச்சு பெயர்ந்த ஓரிடம் பின் ஜன்னலுக்கு நேராக வந்ததும் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். அந்தச் சுவரை யாராவது பூசிவிட்டால் இவரிடம் படித்தவர்களில் பாதிப் பேர் ஃபெயில். "ஓட்டறதெல்லாம் லைசென்ஸ் வந்தப்புறம் தானா வரும்." இந்த வித்தையை ஊரார் மேல் காட்டிக்கொண்டிருந்தவரை எனக்கு ஒன்றுமில்லை. பெற்ற பெண்ணின் மேல் காட்டினார் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன். இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்களுக்கு ஒரே பெண். டேப்பு என்றுதான் கூப்பிடுவோம். எது காதில் விழுந்தாலும் டேப்பில் பதிந்த மாதிரி திருப்பிச் சொல்லிவிடுவாள். நான் கார் சீட் கவர் தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். ஒரு நாள் முதலாளி ரெக்சின் அனுப்பியவனைப் போனில் கிழி கிழி என்று கிழித்ததை, அவர் இருமல் உட்பட, அவர் முன்னாலேயே ஒப்பித்துக் காட்டி அவரையே சிரிக்க வைத்தாள். ஆனால் அச்சடித்த பக்கம் ஒன்றை முன்னால் வைத்தால் ஆள் வேறு. வரி நிற்காது அவளுக்கு. ஒரு சொல்லைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் முந்தைய சொல் போய்விடும். மேல் வரியில் ஆரம்பித்துக் கீழ் வரியில் முடிப்பாள். உள்ளங்கை வியர்த்து, காது மடல் சிவந்துவிடும்.

ரொம்ப நாள் இது யாருக்கும் தெரியாது. வகுப்பில் அவள் வாசிக்கும் முறை வந்தால் பக்கத்தில் இருக்கும் சிநேகிதி மெல்ல முணுமுணுப்பாள், இவள் அதைக் காதில் வாங்கி உரக்கச் சொல்லிவிடுவாள். அந்தப் பெண் வேறு பள்ளிக்கூடம் போன வருஷம்தான் குட்டு உடைந்தது. சோம்பேறி என்றார்கள், திமிர் என்றார்கள், வீட்டில் டிவி ஜாஸ்தியா என்று என்னைக் கேட்டார்கள். ஒரு வாத்தியார் அவளை எழுப்பி நிறுத்தி, இவள் அந்தப் பக்கத்தை வாசித்து முடிக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். மணி அடித்த பிறகும் மொத்த வகுப்பும் பையை மாட்டிக்கொண்டு இவள் வாயையே பார்த்தபடி நின்றதாம். அந்த ஆள் நன்றாக இருக்கட்டும், நான் வேறென்ன சொல்ல. அதற்குப் பிறகு டேப்பு யார் முன்னாலும் வாயைத் திறந்து வாசித்ததில்லை. என் முன்னால்கூட இல்லை.

பேனா வந்தது அதற்கப்புறம்தான். மாடிப்படிக்கு அடியில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரை நியமித்தார்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மாடிப்படி மிஸ். அவர்தான் டேப்புவை மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பி, இவளுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை, எழுத்தை வாசிப்பதில் மட்டும்தான் சிக்கல் என்று சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டிப் பேனாவையும் வாங்கிக்கொடுத்தார். பார்ப்பதற்குத் தடித்த மார்க்கர் மாதிரி இருக்கும். முனையை வரியின் மேல் வைத்து இழுத்தால், உள்ளே இருக்கும் ஒரு பெண் குரல் அந்த வரியை இயர்போனில் வாசிக்கும்.

அந்தக் குரலுக்கு டேப்பு வைத்த பெயர் அக்கா. "அக்காவுக்குக் கோபமே வராதும்மா. எத்தனை தடவை கேட்டாலும் அதே மாதிரி சொல்றா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் ரெண்டாவது தடவையே கத்துகிறவள்.

அக்கா வாசிக்க வாசிக்க இவள் உள்ளே வாங்கிக்கொண்டே இருந்தாள். மருந்துச் சீட்டு, மின்சாரக் கட்டண அறிவிப்பு, என் நூல்கண்டுப் பெட்டியின் அடியில் இருக்கும் பொடி எழுத்து, எதையும் விடவில்லை. அறிவியல் புத்தகத்தை இழுத்து இழுத்து அட்டையில் பளபளப்பே போய்விட்டது. எழுதும்போது பிழை வரும், ஆனால் என்ன சொல்கிறாள் என்று புரியும், அதற்கும் சான்றிதழில் சலுகை இருந்தது. வகுப்பில் முதல் வரிசைக்கு வந்துவிட்டாள். இந்த வருஷம் பொதுத்தேர்வு. பேனாவோடு உட்கார்ந்தால் ஊதித் தள்ளிவிடுவாள். பாஸ் ஆனால் மேல்வகுப்பு, அவள் ஆசைப்பட்ட அறிவியல். இல்லையென்றால் கடையில் என் பக்கத்துத் தையல் மெஷின் ஆளில்லாமல்தான் கிடக்கிறது.

பேனாவைத் தேர்வு அறைக்குள் கொண்டுபோக வேண்டுமென்றால் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மாடிப்படி மிஸ் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "எதையும் தயார் பண்ண வேண்டாம்மா. பேனா இல்லாம அவ எப்படி வாசிப்பாளோ அப்படியே வாசிக்கட்டும். தடுமாறினா தடுமாறட்டும். அதைத்தான் அவங்க பாக்கணும்."

இதை ஒரு சொல் மாற்றாமல் மாஸ்டரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கி, சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தடுமாறினா புதுப்பிச்சுக் குடுப்பாங்களா? எந்த ஊர் நியாயம் இது? வயசானவங்க லைசென்ஸ் புதுப்பிக்க வர்றாங்க. கண்ணு தெரியுது, கை நடுங்கலன்னு காட்டினாத்தான் குடுப்பான்."

"இது லைசென்ஸ் இல்லங்க, பேனா."

"எல்லா ஆபீசும் ஒண்ணுதான். இத்தனை வருஷம் பேனா குடுத்தும் பொண்ணு இப்படியா வாசிக்கறா, அப்ப எதுக்குப் பேனான்னு பிடுங்கிட்டுப் போயிடுவான். மிஸ்ஸுக்கு என்ன தெரியும்?"

"மிஸ்ஸுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமாக்கும். வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றேன்.

மூடிக்கொண்டார். அப்படிச் சட்டென்று மூடிக்கொள்கிற ஆளே இல்லை அவர்.

மதிப்பீட்டு அலுவலகத்தில் முன் மேசையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்து நிற்கப்போய் மறுபடி உட்கார்ந்தாள். நாங்கள் நடைபாதையில் காத்திருந்தோம். கதவு முழுதாகச் சாத்தவில்லை. பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு டேப்பு உள்ளே போனாள். அதிகாரி நல்ல மாதிரிதான், பயப்படாதம்மா, தண்ணி வேணுமா என்றெல்லாம் கேட்டார். பிறகு காகிதம் புரளும் சத்தம். பிறகு என் பெண்ணின் குரல்.

தெளிவாக, நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். முதல் பத்தி ஒரு படகுக்காரனைப் பற்றியது. மிஸ் சொன்னது, சான்றிதழ், தேர்வு எல்லாம் அந்த நேரத்தில் மறந்தே போச்சு. என் பெண் வாசிக்கிறாள், அது மட்டும்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினேன். மாஸ்டர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் உதடு அவளோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. சொல்லுக்குச் சொல்.

அதிகாரி கடிகாரத்தைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். "பிரமாதம்மா. நாலு பத்தியும் வயசுக்கு மேலயே வாசிக்கறா. இவ்வளவு தூரம் தேறி வந்த பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. வாழ்த்துக்கள்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டேப்பு அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகம் அப்படி ஒளிர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம். "என்ன செஞ்சு தொலைச்சீங்க?" என்றேன்.

"அசத்திட்டா இல்ல?" என்றார். ஈ என்று இளிப்பு வேறு.

பிடித்து உலுக்கியதில் ஒவ்வொன்றாக வந்தது. முன் மேசைப் பெண் இவரிடம் கார் கற்றவள். ரிவர்ஸ் வராமல் அழுதுகொண்டிருந்தவளைச் சுவரைக் காட்டிப் பாஸ் பண்ண வைத்தவர் இவர். சோதனைக்கு எப்போதும் அதே நாலு பத்திதான் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். மாஸ்டர் கேட்டதும் நகலும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் டேப்பு பயிற்சிக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து அந்த நகல் மேல் பேனாவை இழுத்து இழுத்துக் கேட்டிருக்கிறாள். நாலும் வாயில் ஏற அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மிச்ச நாளெல்லாம் விரலுக்குத்தான் பயிற்சி. எந்தச் சொல்லுக்கு விரல் எங்கே இருக்க வேண்டும், வரி எங்கே மடங்கும், எங்கே நின்று எச்சில் விழுங்க வேண்டும். அந்த எச்சில் மாஸ்டரின் சொந்தச் சரக்கு. "ஒரே சரளமா போனா சந்தேகம் வரும்ல?" என்றார். அக்காவை வைத்தே அக்காவுக்குக் குழி தோண்டிவிட்டார்கள், அப்பனும் மகளும் கூட்டுக்களவாணிகள்.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மனுஷனா நீ, மூளையை அந்தச் சுவரிலேயே அடிச்சு வெச்சிட்டியா என்று கேட்டேன். நான் அவரை நீ என்று சொல்வது அதுதான் முதல் தடவை. அவர் வண்டியை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் அவருக்கு முழுசாகப் புரியவில்லை. பாஸ் ஆன பிறகு ஒருத்தி ஏன் இப்படி அடித்துக்கொள்கிறாள் என்று உண்மையிலேயே விழித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவைத் திட்டாதம்மா" என்றாள் டேப்பு பின்னாலிருந்து. "மிஸ் சொன்னது எனக்கும் தெரியும். அப்பா சொன்னதுக்காக மட்டும் வாசிக்கல. ஒரு தடவையாவது யாராவது நான் வாசிக்கறதைக் கேட்டு நல்லா இருக்குன்னு சொல்லணும்னு இருந்துச்சு."

அதற்கு மேல் நான் என்னத்தைத் திட்டுவது?

முடிவு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வாசிப்பில் குறைபாடு இல்லை, உதவிச் சாதனம் தேவையில்லை. மாடிப்படி மிஸ் எங்கள் வீட்டுக்கே வந்தார். உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். பேனா பள்ளிக்கூடத்துக் கணக்கில் இருப்பது, அடுத்த பிள்ளை காத்திருக்கிறது, எடுத்துக்கொண்டு போக வேண்டும். டேப்புவே அதைத் துணியால் துடைத்து, இயர்போன் வயரைச் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். கேள்வியை வாசித்துக் காட்ட ஓர் ஆளையாவது போடக்கூடாதா என்றேன். அதற்கும் அதே சான்றிதழ்தான் வேண்டுமாம்.

"என் முதலாளி வந்து, நீ நல்லாத் தைக்கற, அதனால உனக்கு இனிமே மெஷின் வேண்டாம்னு சொன்னா எப்படி மிஸ் இருக்கும்?" என்றேன்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா அவ மெஷின் இல்லாமலே தைச்சுக் காட்டிட்டாளே" என்றார். பிறகு மெல்லச் சொன்னார், "போய் உண்மையைச் சொல்லுங்க. வேற வழி இல்ல."

அன்றைக்குத்தான் மாஸ்டருக்கு உறைத்தது. சோதனையில் தோற்றால்தான் கிடைக்கும் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதை அவர் தலை அன்றைக்குத்தான் ஏற்றது. கைகழுவப் போனவர் குழாயை மூடாமல் அங்கேயே நின்றார். நான்தான் போய் மூடினேன்.

மூன்று பேரும் மறுபடி அந்த அலுவலகம் போனோம். முன் மேசைப் பெண் எங்களைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள். உள்ளே அதிகாரி சிரித்த முகமாகத்தான் வரவேற்றார். மாஸ்டர் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார்.

"தப்பு என் பேர்ல சார். பத்தி முன்னாடியே எங்க கையில இருந்துச்சு. பேனாவால கேக்க வெச்சு நான்தான் மனப்பாடம் பண்ண வெச்சேன். அவளுக்கு வாசிக்க வராது சார்."

"பத்தியை யார் குடுத்தா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தப் பெண் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எவள் வேலை போனால் எனக்கென்ன, என் பெண்ணின் படிப்பு போகிறதே. மாஸ்டர் நின்றபடியே என் காலை மிதித்தார், பயிற்சிக் காரில் அவர் பக்கம் இருக்கும் பிரேக்கை மிதிப்பாரே, அந்த மாதிரி. வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"சொல்ல முடியாது இல்ல?" என்றார் அதிகாரி. குரலில் வருத்தம்தான் இருந்தது, கோபம் இல்லை. "நான் எத்தனை பேரைப் பாத்துட்டேன். பொதுத்தேர்வு வருஷம் வந்தா எல்லாப் பிள்ளைக்கும் திடீர்னு குறைபாடு வந்துடுது. கூடுதல் நேரம் வேணும், பேனா வேணும். ஆனா நல்லா வாசிச்ச பிள்ளையை, ஏமாத்தி வாசிச்சான்னு பெத்தவரே வந்து சொல்றது இதான் முதல் தடவை."

"வேணும்னா இப்பவே கேளுங்க சார். காகிதமே இல்லாம ஒப்பிப்பா" என்றார் மாஸ்டர்.

டேப்பு ஒப்பித்தாள். படகுக்காரனிலிருந்து கடைசிப் பத்திவரை, எச்சில் விழுங்குமிடத்தில் விழுங்கி, ஒரு சொல் பிசகவில்லை. அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அன்னைக்கு இங்க ஒரு தடவை வாசிச்சதை இத்தனை நாள் கழிச்சு அப்படியே சொல்றா. இந்த மூளைக்கா குறைபாடுன்னு எழுதச் சொல்றீங்க?"

இந்த மனுஷனிடம் எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான். "புதுசா ஏதாவது குடுங்க சார். எதை வேணும்னாலும் குடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் மேசையில் கிடந்த ஒரு பத்திரிகையை மடித்து அவள் முன்னால் வைத்தார். டேப்பு என்னைப் பார்த்தாள். அந்த வகுப்பறைக்குப் பிறகு அவள் யார் முன்னாலும் செய்யாததைச் செய்யச் சொல்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவும் யார் முன்னால்? பிரமாதம் என்று சொன்ன ஒரே ஆளின் முன்னால். "வாசிடா கண்ணு" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

வாசித்தாள். வாசித்தாள் என்றா சொல்வது அதை? முதல் சொல்லைப் பிடிக்கவே வெகுநேரம் ஆனது. இரண்டாவதை ஊகித்தாள், தப்பு. வரி நழுவி இரண்டு வரி கீழே போய், மறுபடி மேலே வந்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். காது மடல் ரத்தமாகச் சிவந்தது. நிறுத்தாமல் போனாள், எங்களுக்காகப் போனாள். மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்து அந்தப் பத்திரிகையைப் பிடுங்கி எறிய வேண்டும் என்றிருந்தது எனக்கு.

அதிகாரி கை நீட்டி அவளை நிறுத்தினார்.

"போதும்மா. கொஞ்சம் ஓவராப் போயிட்ட. இந்த வயசுல இவ்வளவு மோசமா யாரும் வாசிக்க மாட்டாங்க." அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "பிள்ளையை நடிக்கப் பழக்காதீங்க. பழைய சான்றிதழ் அப்ப சரி, இப்ப நல்லா வாசிக்கற பொண்ணு. இதை நான் மேலிடத்துக்கு எழுதாம விடறேன், அதுவே பெரிசு. அடுத்த வருஷம் வேணும்னா மனு போடுங்க" என்றார்.

திரும்பி வரும்போது சிக்னலில் கார் நின்றது, டேப்பு கேட்டாள். "அவர் என்னைப் பத்தி என்ன நெனைக்கறாரும்மா? நல்லா வாசிக்கறவ, வேணும்னே தப்பா வாசிச்சேன்னுதானே?"

"ஆமாடி."

"சரி. அப்படியே நெனைக்கட்டும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேர்வுவரை மாஸ்டர் தினமும் அவளுக்குப் பாடம் வாசித்தார். சாயங்கால வகுப்புகளை வேறொருவரிடம் விட்டுவிட்டு, அறிவியலும் வரலாறும் தொண்டை கட்டும்வரை வாசித்தார். அவருக்கே வாய்க்குள் நுழையாத பெயர்களையெல்லாம் மென்று முழுங்கி வாசிக்க, அவள் ஒரே தடவையில் திருத்திச் சொல்வாள். எப்படியாவது, யாராவது, தேர்வு அறையில் ஒரு நல்ல மனுஷி இரங்கி ஒரு கேள்வியையாவது வாசித்துக் காட்டமாட்டாளா என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்புவதற்கு யார் சான்றிதழ் கேட்கப்போகிறார்கள்?

அறிவியல் தேர்வு அன்று கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். பிள்ளைகள் கேள்வித்தாளை ஆட்டிக்கொண்டு கத்திக்கொண்டு வந்தார்கள். டேப்பு கடைசியில் வந்தாள். சிரித்த முகம்.

"எல்லாப் பக்கமும் எழுதிட்டேன்மா."

"என்னடி சொல்ற? எப்படி?"

"முதல் கேள்வியை மட்டும் ரொம்ப நேரம் பாத்தேன். வரல. வெறும் பேப்பரா குடுத்தா அசிங்கமா இருக்கும்ல? அதனால கேள்வித்தாளையே பாத்து, அதுல இருந்ததையே அழகா எழுதினேன். சுத்தி வந்த மிஸ் பக்கத்துல நின்னு பாத்துட்டு, கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு சொன்னாங்க."

நடுத்தெருவில் நின்று அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்வரை அவள் கையை விடவில்லை.

மாஸ்டர் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேள்வித்தாளை எடுத்தார். வேண்டாம், வைத்துவிடுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை, தன்போக்கில் உரக்க வாசித்தார். "ஒரு செடியின் வேரிலிருந்து தண்ணீர் இலைவரை எப்படி மேலே செல்கிறது என்பதை விளக்குக."

டேப்பு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தம்ளரை வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். வேர்த்தூவி, தண்டுக்குள் இருக்கும் குழாய்கள், இலையின் அடியில் இருக்கும் துளைகள், அங்கே தண்ணீர் ஆவியாகப் போகப்போகக் கீழிருந்து இழுத்துக்கொள்வது, எல்லாம் வரிசையாக வந்தது. அவர் அடுத்ததை வாசித்தார். அதற்கும் சொன்னாள். அவர் நிறுத்தியிருக்கலாம். எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவதை வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

டேப்பு எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். தாளை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"அப்பா, இதையா கேட்டிருந்தாங்க?"

அவர் தலையாட்டினார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியுமே" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அடுத்ததை வாசிங்கப்பா" என்றாள்.

மாஸ்டர் வாசித்தார். அதற்கும் அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.